கரை உடைந்தால் கடவுள் பொறுப்பா?

1977 நவம்பர் 5, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற ஊரை ஒட்டிய பள்ளத்தாக்கில் மழை விட்டபாடில்லை. அங்கே 1911 முதல் ஒரு விவிலியக் கல்லூரி இருக்கிறது. வளாகத்தின் தலைமாட்டில் 186 அடி உயர அருவி. அருவிக்கும் மேலே, கீழிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கெல்லி பார்ன்ஸ் அணை என்ற மண் கரை. அதன் பின்னால் ஒரு சிறிய ஏரி. ஓய்வுப் பொழுதைக் கழிக்க மட்டுமே பயன்பட்ட ஏரி அது. மழை வலுத்ததும் சிலர் கைவிளக்கோடு மேலேறிக் கரையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கோளாறாக எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை.

ஞாயிறு அதிகாலை 1.30 மணிக்குக் கரை உடைந்தது. அருவி வழியாக இறங்கிய வெள்ளம், கீழே ஓடையோரம் குடும்பத்தோடு வசித்த மாணவர்களின் டிரெய்லர் வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

விடிந்தால் ஆராதனை நாள். இறந்தவர்களில் பலர் ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள், அல்லது அப்படி ஒப்புக்கொடுத்தவர்களின் பிள்ளைகள். செய்தி கேட்டு விரைந்து வந்த அதிபர் கார்ட்டரின் மனைவி ரோசலின், ஆறுதல் சொல்லப் போன தனக்கே அங்கிருந்தவர்கள் நம்பிக்கையும் துணிவும் தந்ததாகப் பிறகு சொன்னார். பிழைத்தவர்களில் பலர் கடவுளை நொந்துகொள்ளவில்லை. அந்த விசுவாசத்தை எடைபோட வெளியாளுக்கு உரிமையில்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே வேறொரு கேள்வி நிற்கிறது. அதைக் கேட்பது விசுவாசத்துக்கு எதிரானது அல்ல. அந்தக் கரை ஏன் உடைந்தது?

விடை தேடிய அரசுக் குழு அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அது சுட்டிக்காட்டவில்லை. கரையின் வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது. சில இடங்களில் ஓரடி உயரத்துக்கு ஓரடிதான் சாய்வு. கரைக்குள் நீர் கசிந்திருக்கிறது. மழையில் ஊறிய சரிவு பெயர்ந்து விழுந்திருக்கலாம், அடியில் போன பழைய குழாயும் இற்றுப்போய் அதற்குத் துணை செய்திருக்கலாம் என்றது குழு. 1973-இல் எடுத்த ஒரு படத்தில் அதே வெளிச்சரிவில் மண் சரிந்து கிடப்பது தெரிகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கரை தன் நிலையைக் காட்டியிருக்கிறது.

அந்தக் கரைக்கு ஒரு கதை உண்டு. 1899-இல் கட்டையும் கல்லும் அடுக்கிய ஒரு தடுப்பாக அது தொடங்கியது. 1930-களின் பிற்பகுதியில் கல்லூரிக்கு மின்சாரம் எடுக்க அதன் மேலேயே மண் கொட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னும் உயர்த்தினார்கள். 1957-இல் மின்சாரம் எடுப்பது நின்றது. அதுவரை கரைக்கு ஒரு வேலை இருந்தது. வேலை இருந்தவரை யாராவது ஒருவர் தினமும் குழாயையும் அடைப்பானையும் பார்க்கப் போயிருப்பார். வேலை போனபின் அது வெறும் ஏரி. சரிவில் மரங்கள் வளர்ந்தன. இருபது ஆண்டுகளில் அது இயற்கையின் ஒரு பகுதியாகவே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடவுள் பற்றிய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கரை உடைந்த இரவில் தொடங்குவதல்ல அது. மனிதன் கட்டிய ஒன்றை, புல் மூடியதாலும் காலம் கடந்ததாலும், இறைவன் படைத்தது போலப் பார்க்கத் தொடங்கிய நாளில் தொடங்குவது. மலையை யாரும் பழுது பார்ப்பதில்லை. மலையாகத் தோன்றும் கரையையும் பழுது பார்க்கத் தோன்றாது. கடைசியில் அது உடையும்போது, அதுவரை கடவுளின் ஏரியாக இருந்தது கடவுளின் வெள்ளமாகிவிடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குச் சட்டத்தில் பெயரே உண்டு. ஆங்கிலேயச் சட்டம் பெருமழை, புயல், நிலநடுக்கம் போன்றவற்றைக் ‘கடவுளின் செயல்’ என்கிறது. மனிதன் முன்கூட்டி அறியவும் தடுக்கவும் முடியாதது என்று பொருள். தமிழ்ப் பேச்சில் இதே சொல் நேர் எதிராக வழங்குகிறது. பேருந்து உருண்டு, உள்ளே இருந்தவர் கீறலின்றி எழுந்து வந்தால் “தெய்வச் செயலா பொழச்சான்” என்கிறோம். காப்பாற்றிய கைக்குத் தமிழர் தரும் பெயரை, அந்தச் சட்டம் அழிவுக்குத் தருகிறது.

இந்தச் சொல்லை நீதிமன்றத்தில் உரசிப் பார்த்த வழக்குகளில் சில, அழகுக்கும் விளையாட்டுக்கும் தேக்கிய நீரிலிருந்து பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் செஷயரில் ஒரு சீமாட்டி, ஓடையை மறித்துத் தன் எஸ்டேட்டில் அழகுக்காகச் சில குளங்கள் வைத்திருந்தார். 1872 ஜூனில் பெய்த கடும் மழையில் அவற்றின் கரைகள் உடைந்து, கீழே இருந்த நான்கு பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாலங்களுக்கு ஈடு கேட்டு நிகோல்ஸ் என்பவர் தொடுத்த வழக்கு 1876-இல் மேல்முறையீட்டில் முடிந்தது. பராமரிப்பில் குறையில்லை, மழை யாரும் எதிர்பார்க்க முடியாதது, எனவே கடவுளின் செயல், சீமாட்டி பொறுப்பில்லை என்பது தீர்ப்பு. நாற்பதாண்டு கழித்து ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகரில், ஓடையின் போக்கை மாற்றிக் குழந்தைகள் கால் நனைத்து விளையாட நகராட்சி ஒரு தொட்டி கட்டியது. பெருமழையில் நீர் புரண்டு ரயில்வேயின் சொத்தைச் சேதப்படுத்தியது. 1917-இல் பிரபுக்கள் சபை அதே வாதத்தை ஏற்கவில்லை. மழை எவ்வளவு பெய்தாலும் ஓடையின் இயற்கைப் போக்கில் கை வைத்தவர், முன்பு அது கடத்திய நீரைக் கடத்தியாக வேண்டும் என்றது. கடவுள் அந்த ஓடைக்கு ஒரு வழி வைத்திருந்தார். அதை அடைத்தது நகராட்சி. இறையியல் நூல்களில்கூட இவ்வளவு தெளிவு அரிது.

செஷயரிலும் கிரீனாக்கிலும் போனது பாலமும் ரயில்வே சொத்தும். பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனில் போனது ஊர்.

ஊருக்கு மேலே 14 மைல் தொலைவில் சவுத் ஃபோர்க் அணை. 72 அடி உயரம், 931 அடி நீளம், முழுக்க மண்ணும் கல்லும். கால்வாய்க்கு நீர் தர மாநில அரசு கட்டி 1853-இல் முடித்தது. முடித்த கையோடு ரயில் வந்து கால்வாயை வேண்டாததாக்கிவிட்டது. அணை ரயில்வேயின் கைக்குப் போனது, அவர்கள் கவனிக்கவில்லை, 1862-இல் ஒருமுறை உடைந்தது. ஏரியில் அப்போது நீர் அதிகம் இல்லாததால் பெரிய சேதமில்லை. 1875-இல் வாங்கியவர், அடியில் நீர் திறந்துவிடும் வார்ப்பிரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றார். 1879-இல் பெஞ்சமின் ரஃப் வாங்கி, பிட்ஸ்பர்க் பணக்காரர்களுக்காக மீன்பிடி வேட்டை மன்றம் ஒன்றைத் தொடங்கினார். ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி ஃப்ரிக், ஆண்ட்ரூ மெல்லன் எல்லாரும் உறுப்பினர்கள். உடைப்பை மண், கல், கிளை, வைக்கோல், குதிரைச்சாணம் என்று கிடைத்ததைப் போட்டு மூடினார்கள். வண்டிகள் இரண்டு எதிரெதிரே போகக் கரை உச்சியைச் சில அடி செதுக்கிக் குறைத்தார்கள். வாங்கி விட்ட பாஸ் மீன்கள் தப்பிவிடக்கூடாது என்று உபரிநீர் வழியும் கலிங்கலின் வாயில் கம்பி வலை கட்டினார்கள். எடுத்த குழாய்களை யாரும் திருப்பி வைக்கவில்லை.

1880-இல் கீழே இருந்த இரும்பு ஆலையின் தலைவர் டேனியல் மொரெல், ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். நீரை வடிக்கக் குழாய் இல்லை, கசிவு இருக்கிறது என்று ஃபுல்டன் எழுதிக் கொடுத்தார். எங்களால் உங்களுக்கு ஆபத்தில்லை என்ற பொருளில் ரஃபிடமிருந்து பதில் வந்தது. மொரெல் பிறகு மன்றத்தில் தானே ஓர் உறுப்பினராகச் சேர்ந்தார், 1885-இல் இறந்தார். ஜான்ஸ்டவுனில் ஒவ்வொரு மழைக்கும் ‘அணை உடையப்போகிறது’ என்ற பேச்சு எழும். உடையாது. நாளடைவில் அது ஊர் வேடிக்கை ஆனது.

1889 மே 31 காலை, மன்றத் தலைவர் ஈலியாஸ் அங்கரும் ஜான் பார்க் என்ற இளம் பொறியாளரும் கூலியாட்களோடு கரையில் நின்றார்கள். வலையில் மரமும் சருகும் அடைத்துக் கலிங்கல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கரையின் நடுப்பகுதிதான் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்திருந்தது. மண் கரையில் உச்சி நடுவில் தாழ்வது மிக மோசம். நீர் புரண்டால் முதலில் அங்கேதான் புரளும், புரண்ட இடத்தை அறுக்கும், அறுத்த இடத்தில் இன்னும் புரளும். மறுகோடியில் புதிதாக ஒரு வடிகால் வெட்டிப் பார்த்தார்கள். நிலம் பாறையாக இருந்தது. கடைசி நேரத்தில் வலையைப் பிடுங்க முயன்றார்கள், அடைசல் விடவில்லை. தந்தி மூலம் எச்சரிக்கை போனது. பல ஆண்டு வேடிக்கைக்குப் பிறகு அதை யார் நம்புவார்கள்? பிற்பகல் மூன்று மணி வாக்கில் கரை போனது. 4.07-க்கு வெள்ளம் ஜான்ஸ்டவுனை எட்டியது. 2,209 பேர் இறந்தார்கள். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அடையாளம் தெரியாத 700-க்கும் மேற்பட்ட உடல்கள் கிராண்ட்வியூ கல்லறையில் பெயரில்லாக் கற்களின் கீழ் இருக்கின்றன.

மன்றத்தின் மேல் தொடுத்த வழக்கு எதுவும் வெல்லவில்லை. அங்கும் கடவுளின் செயல்தான்.

ஜான்ஸ்டவுன் கதையைக் கேட்டவுடன் எழும் கோபம் நியாயமானது. மேலே இன்பம், கீழே சாவு. மேலே இருந்தவர் செல்வர், கீழே இருந்தவர் ஆலைத் தொழிலாளர். சுயநலமே காரணம் என்று முடித்துவிடலாம். டொக்கோவா அப்படி முடிக்க விடுவதில்லை. அங்கே கரைக்குச் சொந்தக்காரர்களும் கரைக்குக் கீழே உறங்கியவர்களும் ஒரே சமூகம். ஒருவர் பிள்ளையை ஒருவர் தூக்கி வளர்த்தவர்கள். பக்தி மிக்கவர்கள். யாருடைய உயிரையும் பணயம் வைத்து யாரும் பணம் சேர்க்கவில்லை. இருந்தும் கரை உடைந்தது. பேராசை இல்லாத இடத்திலும் பராமரிப்பின்மை இருக்க முடியும். அன்பு இருக்கும் இடத்திலும்கூட. இதுதான் இந்த விஷயத்தில் மனத்தை உறுத்தும் பகுதி.

சவுத் ஃபோர்க்கில் கொலை செய்தவர் யார் என்று தேடினால் கை நீட்ட ஆளில்லை. அரசு கைவிட்டது, ரயில்வே கவனிக்கவில்லை, ஒருவர் குழாயை விற்றார், ஒருவர் வைக்கோல் வைத்து அடைத்தார், ஒருவர் வலை கட்டினார், ஒருவர் எச்சரித்துவிட்டு உறுப்பினரானார். எவரும் ஒரு குழந்தை சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. நினைக்காத செயல்கள், செய்யாத செயல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து 36 ஆண்டில் ஒரு ஊரைக் கொன்றன. பாவம் என்றால் வேண்டுமென்றே செய்யும் தீங்கு என்று மட்டும் நினைப்பவருக்கு இங்கே பாவமே தென்படாது. கத்தோலிக்கர் திருப்பலியில் சொல்லும் பாவ அறிக்கையில் சிந்தனை, சொல், செயல் மூன்றோடு நான்காவதாகக் கடமையில் தவறுவதும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

டொக்கோவாவின் மாணவர்கள் படித்த வேதத்திலேயே இதற்கான பகுதிகள் உண்டு. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். எருசலேமில் மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். இறந்தவரின் வாழ்வில் காரணம் தேடும் கதவை அது அடைத்துவிடுகிறது. கோபுரத்தைக் கட்டியவர் பக்கம் போகும் கதவை அடைக்கவில்லை. அந்தக் கதவு உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் திறந்திருக்கிறது: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது விழுந்து, இரத்தப்பழி வீட்டின் மேல் வரும். யாத்திராகமம் 21-இல் இன்னும் நுட்பமான ஒன்று. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்ல வேண்டும், உடையவன் மேல் குற்றமில்லை. ஆனால் முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரித்தும் அவன் கட்டிவைக்காவிட்டால், அவனும் சாவுக்கு உரியவன். ஃபுல்டனின் அறிக்கைக்குப் பிறகு சவுத் ஃபோர்க் ஏரி, எச்சரிக்கப்பட்ட மாடு.

அதற்கும் மூத்த சட்டம் ஒன்று கரையைப் பெயர் சொல்லியே பேசுகிறது. பாபிலோனின் ஹம்முராபி ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய சட்டத்தில், தன் கரையைப் பலப்படுத்தச் சோம்பியவனின் கரை உடைந்து அண்டை வயல் மூழ்கினால், அழிந்த தானியத்தை அவன் ஈடுகட்ட வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, பாதிக்கப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கல்லின் உச்சியில் நீதிக்கு அதிபதியான சூரியக் கடவுள் ஷமாஷின் முன் அரசன் நிற்கும் சிற்பம் இருக்கிறது. கடவுளின் பெயர் அங்கே கரைக்காரனைத் தப்பவிடுவதற்காகப் பொறிக்கப்படவில்லை. அவனைப் பொறுப்பாக்குவதற்காகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பொறுப்பின் கடுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை வகுத்த வழக்கு சென்னை மாகாணத்தில் பிறந்தது. அதற்கு முன் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளியின் நீர்த்தேக்கம் 1860-இல் ஃபிளெச்சரின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அபாயமான ஒன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவர், அது தப்பினால் தவறே செய்யாவிட்டாலும் ஈடுகட்ட வேண்டும் என்று 1868-இல் பிரபுக்கள் சபை சொன்னது. ஜான்ஸ்டவுனுக்குப் பிறகு பல அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் இந்த நெறியின் பக்கம் திரும்பின. இதே நெறியை வைத்து மெட்ராஸ் ரயில்வே, கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. அவருடைய ஏரிகள் உடைந்து ரயில்வேக்குச் சேதம். 1874-இல் பிரிவி கவுன்சில் ரயில்வேயின் வாதத்தை ஏற்கவில்லை. அந்த ஏரிகள் தொன்மையானவை. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. வேண்டாம் என்று மூடிவிட அவருக்கு உரிமையே கிடையாது. ஏராளமான மக்களின் வாழ்வு அவற்றில் இருக்கிறது. எனவே பராமரிப்பில் தவறினால் மட்டுமே அவர் பொறுப்பு. ஊருக்காக இருக்கும் ஏரியும் தனக்காகத் தேக்கிய நீரும் ஒன்றல்ல என்ற இந்தப் பிரிவினை, உல்லாசக் குளம் வைத்திருப்பவர்கள் கூர்ந்து படிக்க வேண்டியது. ஊர் ஏரியை மூட முடியாது. உல்லாச ஏரியைப் பராமரிக்க இயலாவிட்டால் வடித்துவிடலாம். வடிக்கவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன் என்பதற்குத்தான் எந்த நீதியிலும் இடமில்லை.

அந்த நிலப்பரப்பின் கல்வெட்டுகளில் தானம் கொடுத்தவர்கள் இறுதியில் சேர்க்கும் ஒரு வாசகம் உண்டு. இந்தத் தருமத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். காத்தவனின் பாதம் என் தலைமேல். சாபத்தைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியை நின்று படிக்க வேண்டும். கொடுத்தவர் பெரியவர், சில சமயம் அரசர். அவர் தலை வணங்குவது, இன்னும் பிறக்காத ஏதோ ஒரு ஆளுக்கு. தூர் எடுக்கப் போகிறவருக்கு, கரையில் கூடை மண் கொட்டப் போகிறவருக்கு.

அந்த ஆளின் வேலை என்ன என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது சிறியதுதான். மண் கரை எல்லாமே கொஞ்சம் கசியும். கரையின் அடிவாரத்தில் கசியும் நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்ட வேண்டும். தெளிவாக இருந்தால் நீர் மட்டும் வருகிறது. கலங்கி இருந்தால் கரை உள்ளிருந்து வருகிறது. அன்றே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். சரிவில் புல் போதும், மரம் ஆகாது. மரம் செத்தால் வேர் மக்கிய இடம் நீருக்கு வழியாகும். காற்றில் சாய்ந்தால் கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். புல்லையும் குட்டையாக வெட்டி வைக்க வேண்டும். அழகுக்காக அல்ல; எலி வளையும் வெடிப்பும் சரிவும் கண்ணுக்குத் தெரிவதற்காக. கலிங்கலில் கட்டை அடைக்கக் கூடாது, மீன் வலை அறவே கூடாது. அடைப்பானை ஆண்டுக்கு ஒருமுறையாவது திருகிப் பார்க்க வேண்டும். திருகாத அடைப்பான் வேண்டிய நாளில் திருகாது. உச்சி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எதுவும் பெரிய செலவில்லை. எல்லாமே போய் நிற்க வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும் என்பதுதான். டொக்கோவாவில் கைவிளக்கோடு ஏறியவர்கள் அக்கறையில்தான் ஏறினார்கள். ஆனால் பல ஆண்டுகள் பகல் வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டியதை ஒரு மழை இரவில் பார்த்துவிட முடியாது.

அந்த 39 உயிர்களுக்குப் பிறகு கார்ட்டர், தனியார் மற்றும் மாநில அணைகளில் அபாயம் மிக்கவற்றை ராணுவப் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கச் சொன்னார். அதற்கான சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்திருந்தார்கள். அப்போதும் நிறுவனம் சொன்னது கடவுளின் செயல் என்றுதான். சட்டம் வந்தும் சோதனைக்குப் பணம் ஒதுக்கவில்லை. கார்ட்டர் சொன்ன பிறகுதான், 1981-க்குள் ஏறத்தாழ 8,800 அணைகளைப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை. ஜார்ஜியா 1978-இல் தனக்கென ஓர் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இன்று அமெரிக்காவின் அணைப் பதிவேட்டில் 90,000-க்கு மேல் அணைகள். பாதிக்கு மேல் தனியாருடையவை, பொழுதுபோக்குக்கானவையே பெரும்பிரிவு.

டொக்கோவாவில் அணையைத் திரும்பக் கட்டவில்லை. கல்லூரி இன்றும் அதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அருவியின் அடியில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக்கல். மேலே ஏரி இருந்த இடத்தில் ஓடை தடையில்லாமல் வந்து, 186 அடி விழுந்து, அந்தக் கல்லைக் கடந்து போகிறது.